வீட்டிலேயே திருமண அழைப்பிதழ் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாக யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் திருமண அழைப்பிதழ் (எங்கள் பேச்சில் 'காட்') செய்துகொடுத்து வருகிறேன். ஒவ்வொரு திருமணத்துக்கும் வேறு வேறு மனிதர் வந்தாலும், அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

கல்யாண காட்டை வீட்டில செய்தா உண்மையா செலவு குறையுமோ?

எண்ணிக்கையைப் பொறுத்தது. அச்சகத்தில் தகடு செய்து அடிக்கும் முறையில் தொடக்கச் செலவு ஒன்று உண்டு. ஐம்பது அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் அது மாறாது. ஆகவே எண்ணிக்கை கூடக்கூட ஒரு காட்டின் விலை இறங்கும். வீட்டில் செய்யும்போது அப்படி இறங்குவதில்லை. நூறாவது காட்டுக்கும் முதலாவது காட்டுக்குப் பிடித்த அதே கடதாசியும் அதே நேரமும் பிடிக்கும். என் அனுபவத்தில் 150 வரை முழுவதையும் வீட்டில் செய்யலாம். அதற்கு மேற்பட்டால் உள்தாளை அச்சகத்தில் அடித்து, வெட்டுவது, மடிப்பது, கட்டுவது ஆகியவற்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

அச்சகத்திடம் கொடுத்தால் அது கைவேலை ஆகாது என்று சிலர் மனம் வருந்துகின்றனர். ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய யாழ்ப்பாணம் இது. எழுத்தை அச்சகத்திடம் விட்டுவிட்டு, கைக்குரியதைக் கையால் செய்வதில் ஒரு குறையும் இல்லை.

400 பேரைக் கூப்பிடுறம். அப்ப 400 காட் வேணுமோ?

வேண்டியதில்லை. எங்கள் ஊர்களில் அழைப்பிதழ் வீட்டுக்குக் கொடுக்கப்படுகிறது, ஆளுக்கு அல்ல. ஆட்களை எண்ணாமல் வீடுகளை எண்ணுங்கள். ஆனால் ஒரே வளவுக்குள் தனித்தனி உலை வைக்கும் இரண்டு குடும்பங்கள் இருந்தால், அவை இரண்டு வீடுகள். அங்கே ஒரு காட்டை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு தலைமுறைக்கு மனக்கசப்பைச் சம்பாதித்தவர்களை நான் அறிவேன். அலுவலக நண்பர்களைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள். வரும் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதில் பாதி வெட்டும்போதும் ஒட்டும்போதும் பழுதாகும், மறுபாதி கடைசி வாரத்தில் நினைவுக்கு வரும் பெயர்களுக்குப் போகும்.

எத்தனை நாளுக்கு முதல் தொடங்க வேணும்?

பின்னிருந்து கணக்கிடுங்கள். உறவினர் வீடுகளுக்கு நேரிற் சென்று வெற்றிலை பாக்குடன் சொல்வதற்கு மட்டும் மூன்று வாரமாவது வேண்டும். மாலையிலும் வார இறுதியிலுமே போக முடியும். ஒரு காட்டுக்கு மடித்து, ஒட்டி, கட்டி, உறையிலிட ஆறு நிமிடம் என்று வைத்தால், 150 காட்டுக்கு 15 மணித்தியாலம். இரவு இரண்டு மணித்தியாலம் இருவர் அமர்ந்தால் நான்கு இரவுகள். உண்மையில் ஆறு இரவுகள் பிடிக்கும், ஏனெனில் முதல் இரவு கை பழகுவதிலேயே போய்விடும். இவற்றுடன் வாசகத்தைச் சரிபார்க்க ஒரு முழு வாரத்தை ஒதுக்கி, திருமணத்துக்கு இரண்டரை மாதம் முன்னதாகத் தொடங்கினால் அவசரமின்றி முடியும்.

எந்தக் கடதாசி வாங்கிறது? கடையில 'ஜி.எஸ்.எம்.' எவ்வளவு எண்டு கேக்கினம்.

ஒரு சதுர மீற்றர் கடதாசியின் நிறை எத்தனை கிராம் என்பதே அந்த அளவு. போட்டோக்கொப்பி எடுக்கும் தாள் 80 கிராம். வெளிமட்டைக்கு 220 முதல் 250 வரையிலானதும், உள்தாளுக்கு 100 அளவிலானதும் போதும். ஏ4 தாள் ஒன்று ஒரு சதுர மீற்றரில் பதினாறில் ஒரு பங்கு என்பதால், 240 கிராம் மட்டையில் ஒரு ஏ4 தாள் 15 கிராம் நிறுக்கும். தபாலில் அனுப்ப வேண்டியவற்றின் நிறையை இப்படி முன்கூட்டியே கணக்கிடலாம்.

பாடசாலைப் பிள்ளைகள் வாங்கும் பிறிஸ்டல் போட் மலிவானது, நிறங்களும் பல உண்டு. ஆனால் வெயிலில் விரைவாக வெளிறும். அளவைப் பொறுத்தவரை, ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை மடித்தால் 105 க்கு 148 மில்லிமீற்றர் அளவான காட் கிடைக்கும். அதற்கு ஏற்ற சி6 உறை (114 க்கு 162) கடைகளில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. முதலில் உறையைத் தெரிவுசெய்து, பிறகு காட்டின் அளவை முடிவுசெய்யுங்கள். தலைகீழாகச் செய்தவர்கள் 150 உறைகளையும் கையால் வெட்ட நேர்ந்திருக்கிறது.

மடிக்கிற இடத்தில மட்டை வெடிச்சு வெள்ளை தெரியுது. ஏன்?

கடதாசிக்கும் மரத்தைப் போல இழையோட்டம் உண்டு. ஆலையில் அது ஓடிய திசையில் நார்கள் படுத்திருக்கும். அந்தத் திசைக்கு ஒத்து மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக விழும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து வெடிக்கும். திசையை அறிய, மட்டையிலிருந்து ஒரு சிறு சதுரத்தை வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் துடையுங்கள். அது குழாய்போலச் சுருளும்; அந்தக் குழாயின் நீளவாக்கே இழையின் திசை.

ஏ4 தாள்களில் இழை பெரும்பாலும் நீண்ட பக்கத்துக்கு ஒத்து ஓடும். அத்தகைய தாளை அப்படியே இரண்டாக மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும். முந்திய விடையில் சொன்னவாறு குறுக்கே வெட்டிப் பிறகு மடித்தால் மடிப்பு இழையோடு ஒத்துவரும். அந்த அளவை நான் விரும்புவதற்கு இதுவே முதற் காரணம். எவ்வாறாயினும் மடிக்குமுன் அடிமட்டத்தை வைத்து, மை முடிந்த குமிழ்முனைப் பேனாவால் ஒருமுறை அழுத்திக் கோடிழுங்கள். மடிப்பைத் தேய்க்க நகத்தைப் பயன்படுத்தாமல் கரண்டியின் பின்புறத்தைப் பயன்படுத்துங்கள். நகம் மினுக்கத்தை விட்டுவிடும்.

வீட்டுப் பிறின்ரரிலயே அடிக்கலாமோ?

அடிக்கலாம், ஆனால் எந்த வகை என்பதைக் கவனிக்க வேண்டும். மைத்துளி தெளிக்கும் பிறின்ரர்களில் பலவற்றின் நிற மை நீரிற் கரையும். ஈரக்கை பட்டால் எழுத்து ஓடும். லேசர் பிறின்ரரின் பொடி சூட்டில் உருகி ஒட்டுவதால் நீருக்கு அசையாது, ஆனால் கனத்த மட்டையில் மடிப்பு விழும் இடத்தில் உதிரும். ஆகவே மடிப்புக் கோட்டின் மேல் எழுத்தோ நிறமோ வராமல் அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிறின்ரர் எத்தனை கிராம் மட்டையை இழுக்கும் என்பதை அதன் கைந்நூலில் பார்த்து, பத்துத் தாள்களில் பரீட்சித்த பிறகே முழுத் தொகையை வாங்குங்கள்.

போனில தமிழில அடிச்சுக் குடுத்தன். அச்சகத்தில எழுத்தெல்லாம் சிதைஞ்சு வந்திட்டுது.

இது யாழ்ப்பாணத்தில் மிக அதிகம் நேரும் சிக்கல். எங்கள் அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பாமினி எழுத்துரு வழக்கில் இருக்கிறது. அது ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை இருத்திய பழைய முறை. கைபேசி எழுதுவது யுனிகோட் முறையில். ஒன்றில் எழுதியதை மற்றதன் எழுத்துருவில் இட்டால் கட்டங்களோ பொருளற்ற குறிகளோதான் வரும். இணையத்தில் உள்ள மாற்றிகள் உதவும் என்றாலும், மாற்றிய பின் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

யுனிகோட் எழுத்துருவையே வைத்து வடிவமைத்தாலும் ஓர் ஆபத்து உண்டு. தமிழுக்கான அமைப்புச் சரியாக இல்லாத வடிவமைப்பு மென்பொருளில் 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம்மாறி எழுத்துக்குப் பின்னால் விழும். பெயர்களில் 'கௌ', 'யோ', 'லோ' வரும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தனியாகப் பாருங்கள். சரியாக வந்ததும் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்துக் கொடுத்தால் வேறொரு கணினியில் திறக்கும்போது மாறாது.

வாசகம் எப்பிடி எழுதிறது? பழைய காட்டைப் பாத்து எழுதினாக் காணுமோ?

பழைய அழைப்பிதழ் நல்ல வழிகாட்டிதான். ஆனால் பிழைகளும் அதிலிருந்தே தொற்றுகின்றன. சைவ முறையில் மேலே பிள்ளையார் சுழியும் குலதெய்வத்தின் துணையும், பிறகு விளிப்பும், இரு வீட்டுப் பெற்றோரின் பெயரும் ஊரும், மணமக்கள் பெயர், நாள், திதி, நட்சத்திரம், சுபமுகூர்த்த நேரம், இடம், அழைப்பவர் பெயர் என்று வரிசை போகும். இரு வீட்டாரும் தனித்தனியாக அழைப்பிதழ் அடிப்பதே எங்களிடம் பெருவழக்கு. அவரவர் அழைப்பிதழில் அவரவர் பிள்ளையின் பெயர் முதலில் வரும்.

இரண்டு இடங்களில் அடிக்கடி பிழை விழுகிறது. முதலாவது, ஆண்டின் பெயர். 2027 தை மாதத்தில் நடக்கும் திருமணத்துக்கு ஆண்டு பராபவ என்றே வர வேண்டும். ஜனவரியில் ஆங்கில ஆண்டு மாறினாலும் தமிழ் ஆண்டின் பெயர் சித்திரையிலேயே மாறும். இரண்டாவது, பிள்ளையின் முறை. சிரேஷ்ட என்பது மூத்தவர், கனிஷ்ட என்பது எல்லோருக்கும் இளையவர், ஏக என்பது ஒருவரே. நடுப்பிள்ளைக்குக் கனிஷ்ட புத்திரி என்று போடுவது தவறு. செல்வப் புதல்வி என்று எழுதினால் அழகாகவும் சரியாகவும் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களில் பஞ்சாங்க வரிகள் இல்லை. ஆனால் ஆலயத்தின் பெயர், பங்கு, திருப்பலி தொடங்கும் நேரம் ஆகியவை அதே கவனத்தை வேண்டுகின்றன.

ஐயர் சொன்ன திதியும் கலண்டரில இருக்கிற திதியும் ஒத்துவரேல்லை. எதைப் போடுறது?

வாக்கியம், திருக்கணிதம் என்று இரு வகைப் பஞ்சாங்கங்கள் எங்களிடையே வழங்குகின்றன. கணிக்கும் முறை வேறுபடுவதால் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரங்களில் சில மணித்தியாலம் வரை வித்தியாசம் வரலாம். முகூர்த்தத்தை எந்தப் பஞ்சாங்கம் பார்த்து வைத்தார்களோ அதையே அழைப்பிதழிலும் பின்பற்றுங்கள். நாள் வைத்தவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, அதைப் பார்த்தே தட்டச்சிடுங்கள். தொலைபேசியில் கேட்டு எழுத வேண்டாம். 'ஒன்பது பன்னிரண்டு' என்பது 'ஒன்பது இருபது' ஆக வெகுநேரம் பிடிப்பதில்லை.

அப்பா காலமாகிட்டார். பேரை எப்பிடிப் போடுறது? அம்மான்ர பேர் வரலாமோ எண்டு சொந்தக்காரர் கேக்கினம்.

காலமானவரின் பெயருக்கு முன் 'அமரர்' என்று சேர்த்துப் பெற்றோர் வரியில் எழுதுவதே வழக்கம். அழைப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர் வராது.

தாயின் பெயரைப் பற்றி என் கருத்தை ஒளிவின்றிச் சொல்கிறேன். கணவரை இழந்த தாயை விலக்கிவிட்டு, அண்ணனையோ மாமனையோ மட்டும் அழைப்பவராகப் போடும் வழக்கம் சில குடும்பங்களில் இருந்துவருகிறது. பிள்ளையை வளர்த்துத் திருமணம்வரை கொண்டுவந்த தாயே அழைக்க வேண்டியவர். அவரது பெயர் முதலில் வரட்டும். உடன்பிறந்தோரின் பெயர்கள் அதன்கீழ் வரட்டும். நான் செய்துகொடுத்த அழைப்பிதழ்களில் இவ்வாறு எழுதிய எந்தக் குடும்பமும் பின்னர் வருந்தியதாக என்னிடம் சொன்னதில்லை.

பனையோலையில காட் செய்ய ஆசை. ஏலுமோ?

ஏலும், ஆனால் முழு வாசகத்தையும் ஓலையில் எழுத முயலாதீர்கள். பனையோலையின் அகலம் குறைவு, மேற்பரப்பில் மெழுகுத்தன்மை உண்டு. பிறின்ரர் மை அதில் பிடிக்காது. முன்னோர் ஓலையை அவித்து, உலர்த்தி, மினுக்கி, எழுத்தாணியால் கீறி, கீறலில் கரியைப் பூசித் துடைத்தே படித்தனர். அது ஒரு காட்டுக்கு மிக அழகு. நூறு காட்டுக்கு ஆகாது. கோயிலில் வைக்கும் முதல் அழைப்பிதழை மட்டும் இப்படிச் செய்துபாருங்கள்.

மற்றவற்றுக்கு நான் பரிந்துரைப்பது ஓலைக் கச்சை. வெண்மையான குருத்தோலையை வாங்கி, ஈர்க்கை நீக்கி, நிழலில் நன்றாக உலர்த்தி, ஒரு சென்ரிமீற்றர் அகலக் கீற்றுகளாக வாருங்கள். 105 மில்லிமீற்றர் அகலமான காட்டைச் சுற்றிவர, ஒட்டுவதற்கான விளிம்பையும் சேர்த்து 23 சென்ரிமீற்றர் நீளம் போதும். மடிக்குமுன் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் ஓலை முறியாது. கட்டியபின் மீண்டும் உலரவிட வேண்டும், இல்லாவிட்டால் உறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை ஓலையைக் கட்டினால் அது காய்ந்து சுருங்கி, காட்டின் விளிம்பை வளைத்துவிடும். பனங்கைப்பணி செய்யும் பெண்களிடம் வாரிய ஓலையாகவே வாங்கினால் வேலை பாதியாகும். நிறமூட்டிய ஓலையும் அவர்களிடம் கிடைக்கும்.

பழைய கொப்பித் தாளை ஊற வைச்சுக் கடதாசி செய்யலாமாம். அதில அடிக்கலாமோ?

செய்யலாம். கிழித்து ஓரிரவு ஊறவைத்து, அரைத்து, நுளம்பு வலை அடித்த சட்டத்தில் வார்த்து, துணியில் கவிழ்த்து அழுத்தி உலர்த்துவதே முறை. ஆனால் அந்தக் கடதாசி மையை உறிஞ்சிப் பரப்பும். உலர்ந்தபின் மெல்லிய சோற்றுக்கஞ்சியைப் பூசி மறுபடியும் உலர்த்தினால்தான் எழுத்து நிற்கும். பிறின்ரரில் ஒருபோதும் விடவேண்டாம். எனக்கு ஒரு நாளில் இருபது தாளுக்கு மேல் வந்ததில்லை. ஆகவே அதை வெளிமட்டையில் ஒட்டும் சிறு அலங்காரத் துண்டாக மட்டும் பயன்படுத்துகிறேன்.

எந்தப் பசை நல்லது?

தச்சுவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையை, மூன்று பங்குக்கு ஒரு பங்கு நீர் சேர்த்துத் தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள். கோதுமை மாப் பசை மலிவானது, ஆனால் கரப்பானையும் இராமபாணப் பூச்சியையும் அழைக்கும். உள்தாள் முழுவதற்கும் பசை பூசினால் கடதாசி ஈரத்தில் விரிந்து அலையலையாகும். மேல்விளிம்பில் மட்டும் ஒரு கோடு போதும். ஒட்டியவற்றை இரவு முழுவதும் கனமான புத்தகங்களின் கீழ் வையுங்கள்.

மஞ்சள் தடவினா எழுத்துக் கரையுது. சிலதில மஞ்சள் சிவப்பாயும் போச்சுது. இது அபசகுனமோ?

அபசகுனம் அன்று. எழுத்துக் கரைவதற்குக் காரணம் பிறின்ரர் மை என்று முன்னரே சொன்னேன். மஞ்சள் சிவப்பாவது அதன் இயல்பு: சுண்ணாம்பு, சவர்க்காரம் போன்ற காரப்பொருள் பட்டால் மஞ்சளின் நிறம் சிவக்கும், குங்குமம் செய்வதும் இந்த இயல்பைக்கொண்டே. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலாலோ சவர்க்காரம் போகக் கழுவாத கையாலோ தொட்டிருப்பீர்கள்.

மஞ்சளை நீரில் கட்டியாகக் குழைத்து, பஞ்சுக் குச்சியால் நான்கு மூலையிலும் ஒற்றியெடுங்கள். கொடுப்பதற்கு முதல்நாள் மாலையில் தொடுவதே சரி. மஞ்சள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால், முன்னதாகவே தொட்டு மேசையில் பரப்பி வைத்தவை வெளிறிவிடும்.

தை மாசத்தில கல்யாணம். இப்ப மழை, மட்டையெல்லாம் வளையுது.

தையில் திருமணம் என்றால் வேலை கார்த்திகை, மார்கழியில் விழும். அது எங்கள் மாரிகாலம். கடதாசி காற்றின் ஈரத்தை உறிஞ்சி வளையும், பசையும் உலர மறுக்கும். இயலுமானால் வெட்டுவதையும் மடிப்பதையும் புரட்டாதியிலேயே முடித்துவிட்டு, மட்டைகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றி, அரிசி வறுத்து ஆறவைத்துக் கட்டிய சிறு பொட்டலத்துடன் இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். ஒட்டுவதை வெயில் எறிக்கும் நாளுக்கு விடுங்கள். சீமெந்து நிலத்தில் ஓர் இரவுகூட வைக்க வேண்டாம்.

கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அனுப்ப வேணும். அப்பிடியே அனுப்பலாமோ?

தட்டையாக இருப்பவற்றை அனுப்பலாம். முத்து, கல், தடித்த முடிச்சு போன்றவை தபால் பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கி உறையைக் கிழிக்கும். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தாவரப் பொருள்கள் உள்ளே வருவதை மிகக் கடுமையாகச் சோதிக்கும் நாடுகள். ஓலைக் கச்சை, விதை, உலர்ந்த பூ ஆகியவை இருந்தால் தடுத்துவைக்கப்படலாம். அங்கு போகும் காட்டுகளுக்கு ஓலைக்குப் பதிலாகப் பட்டு நாடாவைக் கட்டுங்கள். கைபேசியில் படம் அனுப்பினாலும், மூத்தவர்களுக்கு அதற்கு முன் தொலைபேசியில் பேசிச் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் ஒட்டி முடிச்ச பிறகு பிழை கண்டுபிடிச்சம். அக்கா, இனி என்ன செய்யிறது?

எந்தப் பிழை என்பதே கேள்வி. மண்டபத்தின் வீதிப் பெயரோ தொலைபேசி இலக்கமோ தவறினால், அதே எழுத்துருவில் சிறு ஒட்டுத்தாள் அடித்து நேராக ஒட்டலாம். மணமக்களின் பெயரோ முகூர்த்த நேரமோ தவறினால், உள்தாளைப் புதிதாக அடியுங்கள். மேல்விளிம்பில் மட்டும் ஒட்டச் சொன்னதன் பயன் இங்கே தெரியும், வெளிமட்டை பழுதாகாமல் கழற்றலாம். பேனாவால் வெட்டித் திருத்திய அழைப்பிதழைக் கொடுக்காதீர்கள்.

என் தங்கையின் அழைப்பிதழில் திகதி சரியாகவும் கிழமை தவறாகவும் இருந்ததை 140 காட் கட்டி முடித்த பின்னரே கண்டோம். நான்கு பேர் படித்திருந்தோம். நால்வரும் வீட்டார் என்பதால் கண் தெரிந்ததையே படித்தது. அன்றிலிருந்து வாசகத்தை, திருமணத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொல்லி, நாள் வைத்தவர் எழுதிய தாளை நான் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். பெயர்களைப் பிறப்புச் சான்றிதழுடன் ஒப்பிடுகிறேன்.

ஒரு காட்டைக் கனகாலம் வைச்சிருக்க என்ன செய்யலாம்?

மஞ்சள் தொடாத, ஓலை கட்டாத ஒரு பிரதியை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். பொலித்தீன் ஒட்டி மூட வேண்டாம். வெள்ளைத் தாளில் சுற்றி, வெளிச்சமும் ஈரமும் படாத அலுமாரியில் தட்டையாக வைத்தால் போதும். கறுப்பு நிற லேசர் எழுத்து நிறமெழுத்துகளைவிட நீண்டகாலம் நிற்கும். கம்பி ஊசி குத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

எங்கள் அம்மாவின் அழைப்பிதழ் 1990களின் தொடக்கத்தில், கடதாசி கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில், கோடிட்ட கொப்பித் தாளில் றோணியோ (மெழுகுத்தாளில் வெட்டிப் படியெடுக்கும் முறை) எடுத்தது. தாள் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருக்கிறது. றோணியோவின் கறுப்பு மை ஓர் எழுத்தும் மங்கவில்லை. மூலையில் குத்தியிருந்த ஊசியின் துரு மட்டும் அப்பப்பாவின் பெயரில் இரண்டு எழுத்துகளைத் தின்றுவிட்டது.